பின்னால் ஒரு நாற்காலி

டிரெட்மில் வாங்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வாங்க வைத்தவை எங்கள் தெரு நாய்கள். திருநகரில் எங்கள் தெருமுனையில் அவை கூட்டமாகப் படுத்திருக்கும். சோறு வைக்க ஆள் உண்டு, பிடித்துப்போகத்தான் எவனும் இல்லை. காலையில் நடக்கப் போன என் மனைவியை விரட்டிக் கீழே தள்ளிவிட்டன. கால் கட்டைவிரலில் காயம். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அது ஆற மாதக்கணக்கில் ஆனது.

தல்லாகுளத்து டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், ஆனால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்றார். இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

பைபாஸ் ரோட்டில் டிரெட்மில் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அவள் வழக்கம்போல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அங்கே வேறு யாரும் கழற்றவில்லை. கடைக்காரர் மோட்டார், ஏற்றம், வேகம் என்று பேசிக்கொண்டே போனார். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. தரையில் குத்தவைத்து பெல்ட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். ஒரு பலகை, இரண்டு உருளை. இதற்கா இவ்வளவு விளக்கம்? நடக்கும்போது கரண்ட் போனால் ஆளைத் தூக்கி எறியுமா என்று கேட்டேன். மெதுவாக நின்றுவிடும் என்றார். நம்பாமல், நானே ஏறி நடந்தபடி சுவிட்சை அணைக்கச் சொன்னேன். நின்றது.

பிறகு அவள் ஏறினாள். வெறுங்கால். கொஞ்ச நேரம் நடந்ததும் நிறுத்திவிட்டு நான் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பாக, லேசான சூட்டோடு இருந்தது. ஷூ இல்லாமல் இதில் நடக்க முடியாது என்றேன்.

"வீட்டுக்குள்ள ஷூவா? சாமி படத்துக்கு நேராவா?"

மெஷின் போட எங்கள் வீட்டில் ஹாலை விட்டால் இடமில்லை. ஹாலில்தான் சாமி படங்களும் இருக்கின்றன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடை என்றும் பார்க்கவில்லை.

"வெரலு போனாலும் தரை சுத்தமா இருக்கணும், அம்புட்டுத்தான ஒனக்கு?"

அவள் கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ அதை ஒரு மெஷினின் பின்பக்கம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் பெல்ட் மேல் வைத்து, கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. நாற்காலியை அடுத்த மெஷினுக்கு இழுத்துப் போனாள். அங்கேயும் அதே வேலை. நானும் கடைக்காரரும் என்ன செய்கிறாள் என்று புரியாமல் பின்னாலேயே போனோம். நான் முடிவு செய்து வைத்திருந்த மெஷினில் கைப்பிடி ஒரு சாண்தான். அதையும் தாண்டிப் போய்விட்டாள்.

சுவரோரம் ஒன்று நின்றது. சின்னத் திரை, இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி. உட்கார்ந்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், பெல்ட் மேலேயே எழுந்து நின்றாள்.

"இதுல ஒக்காந்தவாக்குல ஷூவ மாட்டிட்டு எந்திரிச்சிரலாங்க. தரையில படாது. தெருவயே பாக்காத புது ஷூவா ஒண்ணு வாங்குங்க."

கடைக்காரருக்கு விலை கூடினதை விற்க ஆசை.

"இதுல மோட்டார் சிறுசுக்கா."

"நான் என்ன ஓடவா போறேன்?"

"பின்னாடி சேர் கெடக்கக் கூடாதுக்கா. தடுமாறுனா அடிபட்டுரும்."

"அத எடுக்கத்தான் இவுக இருக்காகள்ல."

அதையே வாங்கினோம். ஷூ ஒரு துணிப்பைக்குள், புடவை பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. காலையில் பையைத் தூக்கி வருவாள். மாட்டி எழுந்ததும் நான் நாற்காலியை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொடுவாள். முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். பேப்பர் படிக்கும் சாக்கில் கூட நகர முடியாது. எரிச்சல்தான்.

உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, காலை என் பக்கம் நீட்டுவாள். நான் போனில் லைட்டைப் போட்டு, ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்ப்பேன்.

"ஒண்ணுமில்லைல?"

"ஒண்ணுமில்ல. மத்த காலக் காட்டு."