உப்புப் போத்தலில் அம்மாவின் குரல்

அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. இலங்கையில் கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார். வீட்டைப் பார்த்துக்கொண்டது அம்மாவின் தங்கை, என் சித்தி. பிறவியிலேயே கண் தெரியாதவள்.

கண் தெரியாதவர்களுக்கான ஒரு சங்கத்தார், சித்திக்குப் பேசும் பேனா ஒன்று கொடுத்திருந்தார்கள். சாமான் மேல் சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, பேனா முனையை அதில் வைத்துப் பேசினால் பதிந்துகொள்ளும். பிறகு எப்போது தொட்டாலும் அதே குரலில் சொல்லும். புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா எல்லாப் போத்தல்களுக்கும் பேசிவைத்தாள். பெயரை மட்டும் சொல்லி நிறுத்த அவளால் முடியவில்லை.

"உப்பு. அள்ளிப் போட்றாத தங்கச்சி."

"இது ஒன் பிரஷர் குளுசை. சாப்பிட்டுட்டுத்தான் போடணும், வெளங்குதா?"

அம்மா வேலை பார்த்த வீட்டில் மாதம் ஒரு முறைதான் போன் பேச விட்டார்கள். அதனால் நான் திருடத் தொடங்கினேன். முதலில் மல்லித்தூள் ஸ்டிக்கர். வாசனை வருவதற்குப் பேனா எதற்கு என்பது என் நியாயம். அப்புறம் உப்பு, சீனி, மிளகாய்த்தூள். சித்தி நாக்கில் வைத்துப் பார்த்துச் சமாளித்தாள். உரித்ததையெல்லாம் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்து, அவள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது தொட்டுத் தொட்டுக் கேட்பேன்.

ஒரு நாள் காலையில் குளுசைப் போத்தல்கள் இரண்டிலும் உரித்துவிட்டேன். அப்பாவின் சீனி வியாதிக் குளுசையும் சித்தியுடையதும் தடவிப் பார்த்தால் ஒரே மாதிரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சித்தி இரண்டு போத்தல்களையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. காலையிலிருந்து எதையும் போடவில்லை.

"என்னோடது எதுடி? படிச்சுச் சொல்லு."

பேரைப் படித்து எடுத்துக் கொடுத்தேன். விழுங்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

"எங்க ஒட்டி வச்சிருக்க? குடு."

அழுதுகொண்டே கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். உப்பை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். பிறகு கொப்பியை மூடினாள்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். புதுசு ஒட்டு, நீயே பேசு. குளுசைக்கு மொதல்ல."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அதட்டி அதட்டிப் பேசிவைத்தேன். மிளகாய்த்தூளுக்கு, "பாத்துப் போடுங்க, எனக்கு ஒறைக்கும்" என்றதற்குச் சித்தி சிரித்தேவிட்டாள்.

அடி விழாமல் தப்பித்த சந்தோஷம் எனக்கு. மறுநாளிலிருந்து அடுப்படியில் என் குரல்தான் அதிகாரம் பண்ணியது. நாள் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் அக்காவோடு பேசிக்கொண்டே சமைத்தவள் அவள். அந்தப் பேச்சை அவள் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.