இரண்டரை அங்குலக் குழாயும் மதினியின் எலுமிச்சம்பழமும்

எங்கள் காரில் கியர் கம்பிக்குப் பக்கத்துக் குழியில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் கிடக்கும். பார்க்கிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவர், "அத முன்னாடி கட்டித் தொங்க விடணும் சார், உள்ள வச்சா எப்படி?" என்று எனக்குப் புத்தி சொன்னார். அது என் மதினியின் பழம். அதாவது, என் அண்ணன் மனைவி கையில் வைத்து முகர்ந்துகொண்டிருந்த பழத்துக்கு வாரிசாக வந்தது. வாடினால் எடுத்துவிட்டு வேறு வைப்பேன். ஏழு வருஷங்களுக்கு முன்னால் இதே காரின் பின்சீட்டில் மதினியையும், வயிற்றுப் பிள்ளையோடு இருந்த அவர் மகளையும் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கொல்லப் பார்த்தவன் நான். தெரிந்து செய்யவில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்ல வேண்டியவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

மதினிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் இது ஊரறிந்த விஷயம். திண்டுக்கல்லில் மதுரை பஸ்ஸில் ஏறினால் சின்னாளபட்டியில் முதல் வாந்தி, வாடிப்பட்டியில் இரண்டாவது. பழனிப் பக்கம் என்றால் ரெட்டியார்சத்திரம் தாண்ட மாட்டார். நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே, அந்த ரெக்சின் சீட்டு வாடைக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். மஞ்சப்பையில் நாலைந்து பாலிதீன் கவர், கையில் ஓர் எலுமிச்சம்பழம், இவை இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டார். நாங்கள் கேலி செய்வோம். அதில் முதல் ஆள் நான்தான். "மதினி, உங்களுக்குக் கட்டில்ல படுத்துப் புரண்டாலே வாந்தி வருமே" என்பேன். "வரட்டும், உங்க சட்டையிலயா எடுக்குறேன்?" என்பார். கோபமே வராது அந்த மனுஷிக்கு.

அந்த வருஷம் கார் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஏற்கெனவே மூன்று ஒட்டு வாங்கியிருந்த பெட்டி. கரூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அண்ணன் மகளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். நம் காரிலேயே கூட்டி வருவது என்று நான்தான் முடிவு செய்தேன். சம்பந்தி வீட்டு வாசலில் கார் போய் நிற்கும்போது பொரிகடலை வறுக்கிற மாதிரிச் சத்தம் கேட்கக் கூடாது, கம்பீரமாக ஒரு உறுமல் கேட்க வேண்டும் என்று ஆசை. இந்த ஆசையை நான் யாரிடமும் சொல்லவில்லை. "மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்" என்று மட்டும் சொன்னேன். நூற்பு மில்லில் முப்பது வருஷம் காற்றுக்குழாய்களைப் பராமரித்தவன் நான். குழாய் அகலமாக இருந்தால் காற்றுக்குத் தடை குறையும் என்பதை எனக்கு எவன் சொல்லித்தர வேண்டும்? ஒன்றரை அங்குலக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டரை அங்குலம், உள்ளே தடுப்பே இல்லாத நேர்க்குழாய் சைலன்சர் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் பேகம்பூரில் சைலன்சர் வேலை பார்க்கும் பாயிடம் போனேன்.

பாய் குனிந்து காருக்கு அடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, நாலு சிலிண்டருதான், ஆனா சின்ன எஞ்சினு. வேணும்னா ஒண்ணே முக்கா போட்டுக்கலாம். அதுக்கு மேல போனா புகை மெதுவாயிரும், கிளம்பும்போது வண்டி இழுக்காது" என்றார். நான் மில்லுக் கணக்கைச் சொன்னேன். "மில்லுல காத்தாடி ஒரே சீரா இழுக்குது. இங்க எஞ்சினு தட்டித் தட்டித் தள்ளுது. ரெண்டும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டார். கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதனாலேயே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போடச் சொன்னதப் போடு பாய்" என்றேன். அவர் பொறுமையாக, பின் சக்கர அச்சான ஆக்சிலுக்கு மேலே அவ்வளவு பெரிய குழாய் ஏறி இறங்க இடம் போதாது என்று கையால் அளந்து காட்டினார். ஆக்சிலுக்கு முன்னாலேயே குழாயை முடித்துவிடு என்றேன். பாய் தலையை ஆட்டினார். "ஆளு உக்கார்ற சீட்டுக்குக் கீழ புகையத் தெறந்து விட மாட்டேண்ணே. வேற எடம் பாத்துக்கங்க."

வேறு இடம் எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் பட்டறையில் நானே வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தேன். இரண்டரை அங்குலக் குழாய், பின்சீட்டுக்குக் கீழே, ஆக்சிலுக்கு ஒரு சாண் முன்னால் முடிந்தது. ஸ்டார்ட் செய்தபோது பட்டறைத் தகரமே அதிர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, போங்கள்.

அடுத்த வாரம் சித்தையன்கோட்டையில் ஒரு காதுகுத்து. முன்னால் நானும் அண்ணனும், பின்னால் மதினி. செம்பட்டி தாண்டியதும் மதினி நிறுத்தச் சொன்னார். இறங்கி வாந்தி எடுத்தார். வழக்கம்தானே என்று அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாய் கொப்பளித்துவிட்டு மதினி, "தம்பி, இது என் வாந்தி இல்ல" என்றார். நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். "வாந்தியில என்ன மதினி, உங்க வாந்தி, எங்க வாந்தி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பஸ்ல எனக்கு வயித்துல ஆரம்பிக்கும். எச்சி ஊறும், பழத்த மோந்தா செத்த நேரம் தாங்கும், எடுத்துட்டா தெளிஞ்சிரும். இது நெத்திப்பொட்டுல ஆரம்பிக்குது. பழம் கேக்கல. எடுத்த பெறகும் தெளியல." இத்தனை துல்லியமாக ஒருவர் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? மில்லில் ஒரு ஆப்பரேட்டர் மெஷினைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்திப் பார்த்திருப்பேன். சொன்னது மதினி, சொன்னது வாந்தியைப் பற்றி. நான் காரை எடுத்தேன்.

கரூருக்குப் போன நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. போகும்போது மதினி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முகத்தில் சாரலை வாங்கிக்கொண்டே வந்தார். திரும்பும்போது அது முடியவில்லை. மகளுக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று எல்லாக் கண்ணாடிகளையும் நான்தான் ஏற்றச் சொன்னேன், ஏ.சி.யும் போட்டேன். அரவக்குறிச்சி தாண்டும்போது அந்தப் பெண் தலை வலிக்கிறது என்றாள். "ராத்திரி தூங்கியிருக்க மாட்டா, சாஞ்சு தூங்கட்டும்" என்றார் அண்ணன். எனக்கும் தலை கனத்தது. காலையில் குடித்த காபி சரியில்லை என்றேன். வேடசந்தூருக்குக் கொஞ்சம் முன்னால், எங்கோ லாரி சாய்ந்துவிட்டது என்று வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஏ.சி.க்காக எஞ்சினை அணைக்காமல் நானும் நின்றேன். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"தம்பி, கதவத் தெறங்க" என்றார் மதினி. குரல் குழறியது. வாந்திதான் என்று நினைத்து, "கவர் இருக்குல்ல மதினி, மழை கொட்டுது" என்றேன். "இவ எந்திரிக்க மாட்டேங்குறா." "தூங்கட்டும் மதினி, எழுப்பாதீங்க." "தூங்கலடா!" என்று ஒரு கத்துக் கத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் 'வாங்க, போங்க' என்று மட்டுமே பேசிய மனுஷி. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே கதவைத் திறந்துவிட்டார். மகளின் அக்குளில் கைகொடுத்து இழுத்து மழைக்குள் இறக்கினார். அந்தப் பெண்ணின் கால் தரையில் ஊன்றவில்லை, மடங்கியது. இருவரும் சாலையோரச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் தடுமாறி இறங்கினார். நானும் இறங்கினேன். அப்போதும் எனக்கு வந்தது கோபம்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கோபம்.

மழை முகத்தில் அடித்ததில் பெண் கண்ணைத் திறந்தாள். வாந்தி எடுத்தாள். "அம்மா" என்றாள். மதினி அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அசைவு தெரிகிறதா என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கையையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மதினி மெல்லத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், எழுந்துவிட்டார். நாலு வண்டிக்குப் பின்னால் திண்டுக்கல் போகிற பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. "அந்த பஸ்ல போறோம்" என்றார். "நீங்களா, பஸ்லயா?" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது, அதில் பாதி கிண்டல் இருந்தது. "வாந்தி எடுத்துக்கிட்டே போறேன். அது எனக்குத் தெரிஞ்ச வாந்தி. இந்தக் கார்ல வர்றது யாரு வாந்தின்னே தெரியல" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டது தெரிந்தது.

நான் தனியாக நின்றேன். சீட்டில் எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது முகத்தில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. பின்சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. கையை அதன் மேல் பிடித்தேன். தட்டித் தட்டிச் சூடு வந்தது, பாய் சொன்னபடியே. முப்பது வருஷமாகக் காற்றுக் கசிவைக் கையை வைத்தே கண்டுபிடித்தவன் நான். சொந்தக் காரில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எஞ்சினை அணைத்தேன். வழி விட்ட பிறகு அந்த பஸ்ஸை முன்னால் போக விட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கி, நனைந்துகொண்டே அதன் பின்னால் திண்டுக்கல் வரை வந்தேன். பஸ் ஜன்னலில் இரண்டு முறை மதினியின் தலை வெளியே வந்து குனிந்தது.

நேராக ஆஸ்பத்திரி. பெண்ணுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைத் தேடினார். நான் அறைக்கு வெளியே, கதவு இடுக்கில் நின்றேன். சாமி கும்பிடக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. டக் டக் என்று அந்தச் சத்தம் கேட்டபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை உறுமல் கேட்டாலும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஈடாகுமா? "புகை ஏதும் சுவாசிச்சாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஆமாம்மா. கார்ல சைலன்சரு சரியில்ல" என்றார் மதினி. என் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்தவரிடம், "பாய் அன்னைக்கே சொன்னாப்ல மதினி. நாந்தான் கேக்கல" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "தெரியும். உங்கண்ணனோட இருவத்தாறு வருசமா இருக்கேன்ல, இந்தக் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? மொதல்ல அத வெட்டி எறிங்க" என்றார்.

மறுநாள் பாயிடம் போனேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஒண்ணே முக்கால் அங்குலக் குழாய், உள்ளே தடுப்பு வைத்த சைலன்சர், ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறி, பின் பம்பரைத் தாண்டி நாலு விரல் வெளியே. தரையில் இருந்த ஓட்டைகளையெல்லாம் தேடித் தேடி அடைத்தார். காரின் சத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வண்டி முன்னைவிட நன்றாகத்தான் இழுத்தது.

மூன்று வாரத்தில் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர ஆட்டோ பேசலாம் என்றார் அண்ணன். என் காரைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லை. அன்று காலை மதினி சாணார்பட்டி ரோட்டிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, காரின் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கையில் எலுமிச்சம்பழம். "கண்ணாடிய ஏத்துங்க. எஞ்சினப் போடுங்க. அர மணி நேரம்" என்றார். நான் உட்காருகிறேன் மதினி என்று கெஞ்சினேன். "உங்களுக்கு என்ன தெரியும்? தலவலி வந்தா காபிம்பீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் கிடையாது. கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருப்பது தூக்கமா, மயக்கமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் தட்டினேன். முதல் மூன்று முறை விரலை ஆட்டினார். நாலாவது முறை ஆட்டவில்லை. கதவைப் பிடுங்கித் திறந்தேன். மதினி கண்ணைத் திறந்து, "இன்னும் அர மணி ஆகல, சாத்துங்க" என்றார். சாத்தினேன். நேரம் முடிந்ததும் அவரே இறங்கினார். முருங்கை மரத்தடிக்கு வேகமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். எனக்கு உயிர் போய்விட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் முகத்தில் சிரிப்பு. "வயித்துலதான் ஆரம்பிச்சுச்சு. தல தெளிவா இருக்கு. இது என் வாந்திதான் தம்பி. போயி புள்ளைய ஏத்திட்டு வாங்க."

மதினி போய் இரண்டு வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி. அந்தப் பையனுக்கு இப்போது ஏழு வயது. கரூரிலிருந்து அம்மாவோடு லீவுக்கு வந்திருக்கிறான், பின்சீட்டு அவனுடையது. போன வாரம் சைலன்சர் கொக்கி ஒன்று தளர்ந்து, பாயிடம் கொடுத்துச் சரிசெய்தேன். மறுநாள் காலை முற்றத்தில் காரை நிறுத்தி, எஞ்சினைப் போட்டுவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, குழியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். யார் குழாயில் கை வைத்தாலும் இதைச் செய்துவிடுவேன். வெளியே கைப்பிடியைப் பிடித்தபடி பையனின் அம்மா நின்று, அவ்வப்போது கண்ணாடியைத் தட்டினாள். அரை மணி நேரம் ஆயிற்று. தலை தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்க மனசு வரவில்லை. எனக்கு எந்த வண்டியிலும் வயிறு புரட்டியதே கிடையாது. மதினியைப் போல அடித்துச் சொல்ல என்னால் முடியாது. பழத்தை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன்.