மகளுக்குப் போடாத சாவி

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரே ஆள் மட்டும் உட்காரலாம் என்கிற அளவில் ஒரு சாவிக் கடை. சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள், கோபத்தில் சாக்கடையில் எறிந்தவர்கள் எல்லாருக்கும் சாவிக்காரர்தான் கதி.

அவர் வீட்டுக்கு மட்டும் மூன்றே சாவிகள். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று மகனுக்கு. மகனுக்கு மீசை அரும்பியபோதே, அவன் கேட்காமலே போட்டுக் கொடுத்தார். அவனுக்கு மூத்தவளான மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்னமும் கதவைத் தட்டித்தான் வீட்டுக்குள் வருகிறாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தனிச் சாவி? தட்டினா நான் திறக்க மாட்டேனா?" என்பாள் மனைவி. திறக்கும்போது கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். மகன் எப்போது வந்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டாள்.

ஒரு நாள் மதியமே மகள் காய்ச்சலோடு திரும்பிவிட்டாள். வீடு பூட்டியிருந்தது. அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி போனை எடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இதோ வந்துடறேம்மா" என்றார். அதற்குள் யாரோ ஒருவர் வீட்டு பீரோ திறக்கவில்லை என்று வந்து நிற்க, அவரோடு போனவர் மகளை அடியோடு மறந்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால், கைப்பையைத் தலைக்கு வைத்து வாசற்படியில் சுருண்டு கிடக்கிறாள்.

மறுநாளே சாவி போட்டுவிட்டார். கொடுக்கத்தான் முடியவில்லை.

"குடுங்க, தாராளமா குடுங்க. நாளைக்கு நாலு பேர் கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி. சட்டைப் பைக்குள் போன சாவி அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த மாதம் மகள் கடைக்கே வந்து ஒரு சாவியை நீட்டினாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்ப்பா. வேலைக்குப் பக்கத்துல ரூம் எடுத்திருக்கேன். கூட இருக்கறவளுக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்தார். "நம்ம வீட்டுதும்மா. அன்னிக்கு மறுநாளே போட்டுட்டேன்."

"அப்புறம் ஏம்ப்பா குடுக்கல?"

அவர் சாவி வெட்டும் மெஷினைப் போட்டுவிட்டார். வெட்டி முடித்துப் பிசிறை அராவியபடி, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"இது லேசான பூட்டும்மா. உள்ள ஒரு தாழ்ப்பாள் வேணும். ஞாயித்துக்கிழமை வந்து போட்டுத் தரட்டா?"

மகள் புதுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க. ஆனா என்னைக் கேட்டுட்டு வாங்க."