மேல்மாடிக் கைமணி

கிள்ளானில் ஒரு கான்வென்ட் பெண்கள் இடைநிலைப்பள்ளியில் நான் வரலாறு கற்பித்த காலத்தில், தலைமையாசிரியையான சிஸ்டர், பள்ளி முடிந்ததும் ஒரு வெண்கலக் கைமணியை அடித்தபடி நடைபாதைகளைச் சுற்றி வருவார். மின்சார மணி இருந்தது. ஆனாலும் கைமணி ஓய்ந்தால்தான் பள்ளி முடிந்ததாக அர்த்தம். அதன் மரப்பிடி அவர் உள்ளங்கை பட்டுக் கறுத்திருந்தது. அந்த மாதிரி ஓசையை இன்றைக்கு எங்கே கேட்டாலும், தெருவில் போகும் ஐஸ்கிரீம்காரனுடையதாக இருந்தாலும், என் பிடரி சில்லிட்டுப் போகிறது. பயப்படும்படி அந்த மணியில் ஒன்றுமில்லை. பயத்தை அதில் வைத்தவன் நான்.

பழைய கட்டடத்தில், கன்னியாஸ்திரிகள் ஒரு காலத்தில் தங்கியிருந்த மேல்மாடியின் பலகைத் தளத்தைக் கரையான் தின்றிருந்தது. பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சிஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தார். பலகை உளுத்துவிட்டது என்று வகுப்பில் சொன்னேன். மறுநாளே இரண்டு பேர் மேல்படியில் உட்கார்ந்து கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு, ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தைப் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு கதையைச் செருகினேன். அந்த நாள்களில் மேல்மாடியில் இறந்துபோன கன்னியாஸ்திரி ஒருவர் இன்னும் கைமணியோடு நடக்கிறார். எல்லாரும் போன பிறகு மணி கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வரலாற்று வாத்தியார் சொன்னதால் அதுவும் வரலாறாகிவிட்டது. யாரும் படியேறவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மேரு ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இரண்டாம் படிவம் படிக்கும் பதினான்கு வயது மாணவி ஒருத்தி இருந்தாள். முன்வரிசை. நான் சொல்வதையெல்லாம் நம்புகிறவள். ஒரு மழைநாள் மதியம், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தவள் அந்தப் படியடியில் நின்று அலறினாள். மணி கேட்டதாம். பின்பக்க நடையில் சிஸ்டர் அடித்துக்கொண்டு போன மணிதான் அது. மறுநாள் காலை எல்லாரும் திடலில் கூடி நின்றபோது அவள் மறுபடி அலற, பக்கத்தில் நின்றவள் அலறினாள். பிறகு அடுத்த வரிசை. விரல்கள் விறைத்து, கண்கள் செருகி, மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில். அந்தக் குரல் என் கதையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானே ஒருமுறை மேல்மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன்.

முதலில் அலறியவளை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்து சிஸ்டர் கேட்டார்: "இதையெல்லாம் இந்தப் பிள்ளை மனசுல போட்டது யாரு, சார்?" அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் நான்தான் திறந்தேன். "எஸ்டேட் பிள்ளைதானே, சிஸ்டர். வீட்டுல சாமியாடுற பழக்கம் இருக்கும்."

அவளால்தான் மற்றவர்களும் கெடுகிறார்கள் என்று, பள்ளியை விட்டு அனுப்ப முடிவாயிற்று. அழைத்துப்போக வந்த அவள் அப்பா, சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு என் முன் நின்றார். "நல்லா படிக்கிற பிள்ளைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" அவள் பிறகு வரவே இல்லை. போய்ப் பார்த்திருக்கலாம், மேரு ஒன்றும் தூரமில்லை.

போன மாதம் பழைய மாணவிகள், பள்ளியின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னை அழைத்தார்கள். மேல்மாடியில் இப்போது சிமெண்டுத் தளம், கணினி அறை. என் கையைப் பிடித்து நடத்திச் சென்ற மாணவி அந்தப் படியருகே குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், இங்க மணி சத்தம் கேட்டா திரும்பிடாதீங்க லா."

"அந்த சிஸ்டரா?" என்றேன்.

"சிஸ்டர் இல்ல அங்கிள். ஒரு எஸ்டேட் அக்கா. ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்களாம். அதான் இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

பேச வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். கதையைக் கட்டியவன் நான். அவள் பேய் இல்லை, என் மாணவி. அவள்மேல் பழி போட்டவனும் நான். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பேரு வேற இருக்கு," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. "அப்ப நெஜம்தான் லா."

கூட்டத்தை முடித்துவைக்க, கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்தக் கைமணியை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். பிடி அதே கறுப்பு. அடித்தேன். ஓசை அடங்கியதும், முதுகுக்குப் பின்னால் யாரோ அவள் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். வாசல்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.