நீலக் கார்டுக்கு டுரியான்

டுரியான் தோட்டக்காரர் ஒருவருக்கு நான் செய்தது ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தது மட்டும்தான். குடியுரிமைக்கான நீல அடையாளக் கார்டு கைக்கு வந்ததும், அது என்னால்தான் கிடைத்தது என்று அவர் நம்பினார். நான் மறுக்கவில்லை. என்னைவிட மூத்தவர், அதன்பின் என்னை அண்ணே என்றே கூப்பிட்டார். டுரியான் காலம் வந்தால் தம் ஊரான பாலிக் புலாவிலிருந்து பஸ்ஸில் ஒரு சாக்குப் பழம் கொண்டுவந்து தருவார்.

ஓர் ஆண்டு மழையில் அவர் தோட்டத்துப் பூவெல்லாம் கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் காலையில் பாசாரில், டுரியான் கடைக்காரரிடம் அவர் பேரம் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். மதியம் சாக்கோடு வாசலில் நின்றார்.

"நம்ம மரத்துல விழுந்தது அண்ணே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; வந்தது வேறு.

"எங்க மேனேஜருக்கும் ரெண்டு கொண்டாந்துருங்க லா."

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி அண்ணே" என்றார்.