பஸ்ஸில் கிடைத்த அரை அட்டைக் குளிசை

அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை இன்று காலை வார்டில் தந்தார்கள்.

வரிசையாக மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே R. கிருமி அதற்கு அடங்காது என்று பொருள். கடைசி ஊசிக்கு மட்டும் S, அடங்கும்.

“குடல்ல சும்மா கிடக்கிற கிருமிதான் தங்கச்சி. இப்ப ரத்தத்துக்குள்ள வந்திட்டு. கண்டபடி, அரைகுறையா மருந்து குடிச்சா கிருமி அதுக்குப் பழகிடும்,” என்றார் டொக்டர். “இந்த ஊசியாவது கேக்கணும்.”

உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போகும் வாழைச்சேனை பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் இருந்த வயதான முஸ்லிம் உம்மா என் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார்.

“ஆருக்குப் புள்ள சுகமில்ல?”

“அம்மாவுக்கு. மூத்திரத்தில கிருமி. காய்ச்சல் விடுதில்ல.”

கைப்பையைத் துழாவி, பாதி மாத்திரை தீர்ந்திருந்த அரை அட்டைக் குளிசையை எடுத்தார்.

“மகன் கட்டார்ல இருந்து கொண்டந்த. நான் நாலு குடிச்சன், சுகம். மிச்சத்த அம்மாக்குக் குடு.”

பெயரை வாசித்தேன். அறிக்கையில் மூன்றாவது R.

போன மாதம் அம்மா மூத்திர எரிவு என்றபோது, நான் குடித்து மிஞ்சியதென்று கொடுத்ததும் இதே குளிசைதான். டொக்டரிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

உம்மா நீட்டிய அட்டையை வாங்கிக்கொண்டேன்.

“மறந்திராத புள்ள,” என்றபடி ஏறாவூரில் இறங்கினார்.

இப்போது வார்டுக்குத் திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு ஊசி போட்டு ஆறு மணித்தியாலம். காய்ச்சல் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்கு மேலே எத்தனை அரை அட்டை கிடக்கிறது? நானே தொடங்கி வைக்கிறேன்: ஒன்று. இன்று கிடைத்தது.