ஏறாமல் விட்ட வண்டிகள்

மெட்ரோ நிலையம் ஒன்றுக்குள் கால் வைப்பதற்கு முன்பே நான் ஒரு நிலையத்தை வரைந்து முடித்துவிட்டேன். சென்னையில் தரைக்கு அடியில் கட்டப்பட்ட நிலையம் அது. நான் உட்கார்ந்து வரைந்ததோ திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் ஊரில், என் மாமியார் வீட்டு மாடி அறையில்.

நான் தஞ்சாவூர்க்காரி. கீழவாசலில் வாப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். தஞ்சாவூரிலேயே கட்டடக் கலை படித்தேன். அங்கேயே ஒரு பொறியாளரிடம் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஸ்டோர் கீப்பர். கல்யாணத்துக்கு வந்த லீவு முடிந்ததும் அவர் போய்விட்டார். வீட்டில் மாமியும் நானும் மட்டும்.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் பெரியவை. கீழே பளிங்குத் தரை, மேலே இரண்டு மூன்று அறை, வாசலில் இரும்புக் கிராதி. கட்டியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பாதி வீடுகளுக்குப் பூட்டு. சாயங்காலம் விளக்கு எரியும் ஜன்னல்களைப் பார்த்தால் எந்தெந்த வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மாமியும் வருஷத்தில் பாதி நாள் பேராவூரணியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அப்போது அவ்வளவு பெரிய வீட்டில் நான் தனியாக இருப்பேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும்தான் கழுவ வேண்டியிருக்கும்.

கல்லூரியில் எனக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருவர் சென்னையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருந்தார். அவர் சொல்லித்தான் அந்த வேலை வந்தது. மெட்ரோ நிலையம் ஒன்றின் உட்புறத்தை வடிவமைக்கும் பொறுப்பை அவர்கள் எடுத்திருந்தார்கள். சுவர், தரை, கூரை, விளக்கு, இருக்கை, வழிகாட்டும் பலகை எல்லாம். வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பினால் போதும் என்றார்கள். சென்னையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்களின் படங்களையும் வீடியோக்களையும் அனுப்பினார்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மாமிக்கு நான் செய்யும் வேலை பிடிபடவே இல்லை. ஒருநாள் மாடிக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, பெட்டி பெட்டியா இருக்கு?"

"ரயில்வே ஸ்டேஷன் மாமி. பூமிக்கு அடியில வருது. இது ரோடு. கீழ டிக்கெட் எடுக்குற தளம். அதுக்கும் கீழ வண்டி வர்ற இடம்."

"மழை பேஞ்சா தண்ணி உள்ள பூந்துடாதா?"

"அதுக்குத்தான் வாசலை ரோட்டை விட உசத்திக் கட்டுறோம். நாலு படி ஏறிட்டுத்தான் கீழ இறங்கணும்."

"இறங்குறதுக்கு ஏறணுமா! நல்லா இருக்கு போ" என்று சிரித்துக்கொண்டே கீழே போனார்.

வரைவதில் எனக்குச் சிரமம் இல்லை. வீட்டுக்கு வரைகிறபோது அந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், சமைக்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்பார் என்று எனக்குத் தெரியும். நிலையத்தில் நிற்கிறவரைப் பற்றித்தான் எதுவும் தெரியவில்லை. அவர் எங்கே பார்ப்பார், எதில் சாய்வார், எதற்காகக் காத்திருப்பார்?

அப்போதுதான் உறைத்தது. என் கணவர் தினமும் மெட்ரோவில்தான் வேலைக்குப் போகிறார்.

அதுவரை எங்கள் தொலைபேசிப் பேச்சுக்கு ஒரே வடிவம்தான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். உம்மா எப்படி இருக்கு, நல்லா இருக்காங்க. வெயிலா, வெயில்தான். கல்யாணமாகி ஒன்றாக இருந்த நாட்கள் கொஞ்சம். அந்த நாட்களிலும் விருந்துக்குப் போனதுதான் அதிகம். ஒருவரை ஒருவர் கேட்க எங்களுக்குக் கேள்விகளே இருக்கவில்லை.

அன்று காலை அவர் கூப்பிட்டபோது கேட்டேன். "இப்ப எங்க நிக்கிறீங்க?"

"ஸ்டேஷன்லதான். ஏன்?"

"ஸ்டேஷன்ல எந்த இடத்துல?"

"கடைசித் தூணுக்கிட்ட. எதுக்குக் கேக்குற?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. "நான் என்னத்தப் பாத்தேன், வண்டி வரும், ஏறுவேன்" என்றார். ஆனால் மறுநாள் அவராகவே ஆரம்பித்தார். தரையில் நடக்கும்போது சத்தம் எப்படிக் கேட்கிறது, ஏசி காற்று எந்த இடத்தில் கழுத்தில் அடிக்கிறது, புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டு முடிகிற இடத்தில் எப்படித் திகைத்து நின்றுவிடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் எப்படி அவர்கள் மேல் முட்டிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே நான் போட்டிருந்த விளம்பரப் பலகையை அன்றே அழித்து அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

மழை ஓய்ந்து அறுவடை வரும்வரை இது தொடர்ந்தது. காலையில் மாமிக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அவருக்கு அங்கே விடிந்திருக்கும், எனக்கு இங்கே வெயில் ஏறியிருக்கும். அவர் பேசப் பேச நான் எழுதிக்கொள்ள மாட்டேன். அப்படியே வரைவேன்.

ஒருநாள் பேச்சுக்கு நடுவில் பெரிய இரைச்சல் கேட்டது. "வண்டி வந்துருச்சு போல, ஏறுங்க" என்றேன்.

"போகட்டும். அடுத்ததுல ஏறிக்கலாம்."

"வேலைக்கு நேரமாகலையா?"

"நான் எப்பவும் முன்னாடியே வந்துருவேன். ரெண்டு வண்டியை விட்டுட்டுத்தான் ஏறுறது. ரூம்ல எல்லாரும் இருப்பாங்க. அவங்க முன்னால உன்கிட்ட என்ன பேசுறது? இங்கதான் பேச முடியும்."

அதைக் கேட்டபிறகு எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

இன்னொரு நாள் சொன்னார். "இங்க கீழ எல்லாம் பளபளன்னுதான் இருக்கு. ஆனா எங்க பாத்தாலும் பத்தடியில செவுரு முட்டுது. கண்ணுக்கு வேலையே இல்ல."

அந்தச் சமயத்தில்தான் சுவர் அலங்காரத்தைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு வந்தது. எங்கள் தலைமை ஆர்க்கிடெக்டை எல்லோரும் மேடம் என்போம். அவர் வீடியோ அழைப்பில் சொன்னார்: "நீங்க டெல்டாவுலேர்ந்துதானே வர்றீங்க? ஒரு கோபுரம், தலையாட்டி பொம்மை, வரிசையா நடவு நடுற பொண்ணுங்க, இந்த மாதிரி ஏதாவது கலர்ஃபுல்லா பண்ணுங்களேன்."

இரண்டு நாள் முயன்று பார்த்தேன். பொம்மை வந்தது, கோபுரம் வந்தது. கல்யாண மண்டப வாசல் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் நடவு இப்போது பெரும்பாலும் இயந்திரத்தில் நடக்கிறது. கை நடவுக்கு வருகிறவர்களும் சரக்கு வேனில் நின்றுகொண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த முகங்களைச் சிரிக்கவைத்துச் சுவரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு கோடு இழுத்தேன். நடைமேடையின் நீளம் முழுக்க, நிற்கிறவரின் கண் மட்டத்துக்கு ஒரு கோடு. கீழே பச்சை, மேலே வெளுத்த சாம்பல். கோட்டின் மேல், தூரத்தில், விரல் நுனி அளவுக்குத் தென்னைகள். ஒரு கோடியில் நாற்றின் இளம் பச்சையில் ஆரம்பித்து மறு கோடியில் கதிர் பழுத்த நிறத்தில் முடியும். ஆள் கிடையாது, மாடு கிடையாது. எங்கள் ஊரை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கமும் இதுதான் தெரியும். எனாமல் பூசிய இரும்புத் தகடுகளில் அச்சிட்டால் துடைக்கவும் வசதி, நாளாகியும் மங்காது என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

மேடம் வெகு நேரம் பார்த்தார். "ரொம்பத் தனியா இருக்கே" என்றார். பிறகு, "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நடைமேடையின் கடைசியில், கூட்டம் வராத இடத்தில், சுவருக்குள் சற்று உள்வாங்கி ஓர் இருக்கையும் போட்டிருந்தேன். யாருக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. தீ பாதுகாப்பைப் பார்க்கிறவர்கள் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். சுரங்கத்துக்குள் போகும் ஊழியர் கதவு அங்கே வருகிறது, வழியில் எதுவும் இருக்கக் கூடாது. அவர்கள் சொன்னது நியாயம்தான். எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் ஒப்புதல் ஆனது.

அதே சமயத்தில் துபாயில் அவருடைய கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். தங்கும் இடமும் அங்கேயே. கம்பெனிப் பேருந்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். மெட்ரோ கிடையாது. பேருந்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள், பேச முடியாது. காலை அழைப்பு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கூப்பிட்டார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். உம்மா எப்படி இருக்கு, நல்லா இருக்காங்க.

அடுத்து வந்த மழைக்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாத்தனாருக்குப் பிரசவம் என்று மாமி பேராவூரணிக்குப் போயிருந்தார். வாய்க்கால் நிறைந்து தெருவரை தண்ணீர் நின்றது. கரண்டு போய்ப் போய் வந்தது. கழிப்பறைகளுக்கும் படிக்கட்டுக் கைப்பிடிகளுக்கும் விவரப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். சில நாட்களில் பால்காரரிடம் பேசியது தவிர வேறு யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன். காலையில் வழக்கமாக அவர் கூப்பிடும் நேரத்துக்கு மாடிக்குப் போய் உட்காருவதை மட்டும் ஏனோ விடவில்லை.

நிலையம் திறந்து சில மாதம் கழித்து அவர் லீவில் வந்தார். சென்னை விமான நிலையத்தில் அவரை அழைக்க நான் போயிருந்தேன். மறுநாள் ஊருக்குப் பேருந்து. அன்று பகலில், "நம்ம ஸ்டேஷனைப் பாத்துட்டு வருவோமா?" என்று நான்தான் கேட்டேன்.

நான் வரைந்த வாசலில் நான்தான் தடுமாறினேன். டிக்கெட்டை எந்தப் பக்கம் காட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டார். தினமும் போகிறவரின் நடை அது. நகரும் படிக்கட்டில் இடது காலை வைத்ததும் தெரியவில்லை, கீழே போய்ச் சேர்ந்ததும் தெரியவில்லை. நான் பின்னால் இறங்கி வருவதற்குள் நடைமேடையின் கடைசிக்கே நடந்திருந்தார். அவருடைய கைபேசி அடித்தது. துபாயிலிருந்து அறைத் தோழர் யாரோ. எனக்கு முதுகைக் காட்டியபடி, சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் பேசினார்.

என்னிடம் பேசியபோதெல்லாம் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன். பார்க்கிற பாக்கியம் இப்போதுதான் கிடைத்தது. ஆனால் பேசுவது வேறு யாரிடமோ.

நான் நடுவில் நின்றேன். என் சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. எதிரே, தண்டவாளத்தை மறைக்கும் கண்ணாடிக் கதவுகள். அவற்றுக்கு அப்பால் சுரங்கம் இருட்டாக இருந்ததால் கண்ணாடியில் வயல் முழுசாகத் தெரிந்தது. அப்படித் தெரியும் என்று நான் வரையும்போது யோசிக்கவே இல்லை. பச்சைக்கு நடுவே நிற்கிறவர்களும் தெரிந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண், பை வைத்திருந்த ஒருவர், அவர்களிடமிருந்து தள்ளி நான். யாரும் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி வந்தது. அதன் வெளிச்சத்தில் எல்லாம் போய்விட்டது. கதவு திறந்து ஆட்கள் ஏறினார்கள். நாங்கள் ஏறவில்லை.

அவர் பேசி முடித்துவிட்டு வந்தார். "நல்லாருக்கு" என்றார். "துபாய் மாதிரியே இருக்கு."

நான் நகரும் படிக்கட்டைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் திருத்துறைப்பூண்டியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். தேநீர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு அவர் கேட்டார். "உனக்குக் கோவமா?"

"இல்லீங்க."

"நேத்துலேர்ந்து பேசவே இல்லியே."

"நீங்கதான் ரொம்ப நாளாவே பேசுறதில்ல."

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நீ கேக்குறதை நிறுத்திட்ட. படம் ஓகே ஆயிடுச்சு, இனிமே நம்மகிட்ட என்ன வேலைன்னு விட்டுட்டேன்."

"படத்துக்காகக் கேட்டேன்னா நெனச்சீங்க?"

"வேற எதுக்குன்னு நெனைக்கிறது? ஸ்டேஷன்ல வேலை முடிஞ்சுது. பஸ்ஸைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தோம். ஊர் வந்து இறங்கும்போது என் பையையும் சேர்த்து அவரே எடுத்துக்கொண்டார்.

லீவு முடிந்து அவர் போன பிறகு எனக்கு அடுத்த நிலையத்தின் வேலை வந்தது. இது மேம்பாலத்தின் மேல் நிற்பது. கிடங்கிலிருந்து திரும்பும் பேருந்தில் மற்றவர்கள் தூங்கும்போது, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சின்னக் குரலில் பேசிப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தார். டிரைவர் ஒரு பெங்காலிக்காரர், எண்ணெய் டின்னில் வேப்பங்கன்று ஒன்றை வளர்க்கிறார், வெயில் கொளுத்தும்போது அதைப் பேருந்துக்குள் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று ஒருநாள் சொல்லியிருந்தார். அதை இரண்டு தடவை கேட்டேன். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன். மாமி ஊரில் இல்லை. அன்று எனக்கு எதுவுமே நடந்திருக்கவில்லை. கைபேசியை வாயருகே வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து அந்த நிமிஷம் வரை எதுவும் நடக்காததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.